ஞாயிற்றுக்கிழமை எச்சில்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கால்நடை மருத்துவமனையில். என் நாய்க்குத் தடுப்பூசி போடக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு பூனை. ஞாயிறு காலைகளில் மட்டும் அதற்கு எச்சில் ஒழுகுகிறது, வாயை வாயைத் தேய்த்துக்கொள்கிறது. வீட்டில் நச்சுச் செடி ஒன்று உண்டு. ஆனால் பூட்டிய பால்கனியில். இலையில் ஒரு பல்தடம்கூட இல்லை. பின் எப்படி?

பூனையின் பெயர் மேனேஜர். [வேலை செய்யாது, எல்லோரையும் முறைக்கும்.] மடியில் வைத்திருந்தவள் மருமகள். செடி மாமனாருடையது. அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதம் முன்பு மகன் வீட்டுக்குக் குடிவந்தவர்.

2

முதல் வரைவில் மாமனாரை வில்லனாக்கினேன். "அவர் பூனையைப் பார்த்த பார்வையில் ஒரு—" சரிப்படவில்லை. அந்த மனிதர் தன் கைக்குட்டையால் பூனையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, செடியை யாருக்காவது குடுத்துடலாமா?"

"செடி மட்டும் எதுக்கும்மா? நானும் பழைய ரூமுக்கே போயிடறேன். மேனேஜருக்கும் நிம்மதி."

"இப்ப உங்கள யாரு போகச் சொன்னா? சும்மா இருங்க மாமா."

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர் தங்குவாரா போவாரா என்பது இப்போது ஓர் இலையில் தொங்கியது.

3

(குறுக்கே ஒரு விளக்கம், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய இலை, டைஃபன்பேக்கியா. மணி பிளான்ட்டும் இதற்குச் சொந்தம்தான். இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. இலை நசுங்கினால் ஊசிகள் பாய்ந்து நாக்கில் தைக்கும். எரியும், வீங்கும், எச்சில் கொட்டும். பூனைக்கு மட்டுமல்ல, கடித்துப் பார்க்கும் குழந்தைக்கும். வாயைக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எல்லாச் செடியும் இப்படி எரித்து எச்சரிக்காது: லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும்.)

4

மருத்துவர் பெஞ்சுக்கே வந்து பூனையின் நாக்கைப் பார்த்தார். பிறகு மாமனாரைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை காலையில என்னென்ன செய்வீங்க? வரிசையா சொல்லுங்க."

வரிசை என்றதும் மெக்கானிக் நிமிர்ந்தார். "ஆறு மணிக்கு பால்கனி. பழுத்த இலை, தண்டு எல்லாம் வெட்டுவேன். பூட்டுவேன். அப்புறம் மேனேஜருக்கு ஈரலை நறுக்கிப் போடுவேன்."

"நீங்களா?" என்றாள் மருமகள். "நான் அவர்தான் போடறார்னு நெனச்சேன்!"

"உம் புருஷனா? எழுந்துட்டாலும்! உனக்கு லீவு ஒரு நாள்தான். தூங்கட்டுமேன்னு..."

"ஈரலை எதால நறுக்குவீங்க?" என்றார் மருத்துவர்.

"கத்தரிக்கோலால."

"எந்தக் கத்தரிக்கோல்?"

"எல்லாத்துக்கும் ஒண்ணுதான் சார். வேட்டியில துடைச்சிட்டு..." குனிந்து மேனேஜரின் வாயைப் பார்த்தார்.

5

முடிவு ஒன்று: மருமகள் அழுகிறாள். [மிகை.] முடிவு இரண்டு: அவர் செடியைத் தூக்கிப் போடுகிறார். [அநியாயம்.] வீட்டுக்குப் போகும் வழியில் யார் முதலில் பேசியது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாது, என் நாயை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

மருத்துவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. செடிக்கு ஒரு கத்தரிக்கோல். அது பால்கனியிலேயே இருக்கட்டும். சமையலறைக்கு வேறொன்று. செடியைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அப்புறம் ஈரல்.