தூக்கத்து மாமாவின் தட்டு

12 செப்டம்பர் 2024, வியாழன். இன்று தெரியவந்த தவறு: ஒரு பெண்ணை ஆண் என்று நினைத்து மருது அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். சின்னத் தவறுதான். ஆனால் அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

எழுதியதை முத்துச்செல்வி ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். வேறு யாராவது படித்தால் போலீசுக்குப் போய்விடுவார்கள் என்று பட்டது. ‘பெண்’ என்பதற்கு மேலே ‘இசைத்தட்டில் பாடுபவள்’ என்று பொடி எழுத்தில் சேர்த்தாள். விளாங்குடியில் அவள் போகும் மாலை நேர ஆங்கில வகுப்பில், தினம் ஒரு தவறையும் மறுநாள் வேலையையும் எழுதிப் பழகச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் வாரத்துக்கு ஒரு தவறைத் தேற்றவே திணறினார்கள். இவளுக்கு அந்தப் பஞ்சம் வந்ததே இல்லை.

அந்தத் தட்டு அவளுக்குக் கொட்டாம்பட்டியில் கிடைத்தது. ஜெராக்ஸ் கடையில் கூட வேலை பார்க்கும் கனகாவின் சித்தப்பா, கொய்யாத் தோப்பில் கிளி விரட்டுவதற்காகப் பழைய இசைத்தட்டுகளைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்று மட்டும் சின்னது. நடுவில் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஓட்டை. பாதி கிழிந்த லேபிளில் ‘சோல்’ என்ற ஆங்கிலச் சொல்லும் 45 என்ற எண்ணும் மிஞ்சியிருந்தன. முத்துச்செல்வி அதைச் சட்டென்று கையில் எடுத்தாள். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயப் பாட்டின் உருக்கத்தைக் காதல் பாட்டில் ஊற்றிப் பாடும் அந்தச் சோல் இசைமேல் அவள் ஆறு மாதமாகப் பைத்தியமாக இருந்தாள். போனில்தான் கேட்டிருந்தாள். தட்டாகக் கையில் தொட்டது இதுதான் முதல்முறை.

“கயிறு கோக்க இதுதாம்மா தோது” என்று சித்தப்பா இழுத்தார். பதிலுக்கு நாலு பழைய சிடி வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

வீட்டுக்கு வந்து, அறுந்த ரப்பர் செருப்பிலிருந்து வட்டமாக வெட்டி அந்த ஓட்டையை அடைத்தாள். அவளிடம் இருந்தவை எல்லாம் மெதுவாகச் சுற்றும் பெரிய தட்டுகள். அதனால் பிளேயரின் வேக ஸ்விட்சை அவள் தொட்டதே கிடையாது. முள்ளை வைத்ததும், கறிச்சோறு சாப்பிட்டுக் கண் அசந்தவனை உலுக்கி எழுப்பிப் பாடச் சொன்ன மாதிரி ஒரு ஆண் குரல் வந்தது. ‘நமக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லையோ’ என்று வழக்கம்போலத் தன்மேலேயே சந்தேகப்பட்டாள். அவள் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா மகன் மருது வந்து சொக்கிப்போனான். ஒரு மாதம் வகுப்புக்கு பைக்கில் கொண்டுவிடுவதாகச் சொல்லித் தட்டை வாங்கிப் போய்விட்டான். அவனுக்கு அவனியாபுரத்தில் மைக்செட் கடை.

தட்டு கைமாறுவதற்கு முன்பே போனில் பதிவுசெய்து வைத்திருந்த ஒலித்துண்டைத் தட்டு சேகரிப்பவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டு, ‘இந்தப் பாடகர் யார்?’ என்று கேட்டிருந்தாள். வியாழக்கிழமை காசிமாயன் என்பவர் பதில் போட்டார்: “தங்கச்சி, அது ஆம்பள இல்ல. 45ங்கிறது வேகம். நீ மெதுவா ஓட்டிருக்க. இது வச்சிருக்கவுக ரொம்பக் கம்மி, விட்றாத.”

அவளோ அதைத் தட்டின் வரிசை எண் என்று நினைத்திருந்தாள். விட்டும் தொலைத்திருந்தாள். அரிய தட்டு போனதைவிட, அந்தப் பெண்ணின் சொந்தக் குரலை ஒருதரம்கூடக் கேட்கவில்லையே என்பதுதான் உறுத்தியது.

மறுநாள் காலை அவனியாபுரம் போகும் பஸ்ஸிலேயே மூன்று பொய்களை வரிசைப்படுத்திக்கொண்டாள். இறங்கும்போதே குழாய் ஸ்பீக்கரில் அந்தக் குரல் தெருவை நிறைத்திருந்தது.

“வா புள்ள. தூக்கத்து மாமா பாடுறாரு, கேளு” என்றான் மருது. அதற்குள் பெயரும் வைத்தாகிவிட்டது.

“அண்ணே, அந்தத் தட்டுல பூஞ்சை இருக்காம். முள்ளு கெட்டுருமாம்.”

“எம்புட்டுத் திருவிழாப் புழுதி தின்ன முள்ளு இது! பூஞ்சைக்கா சாகப் போகுது?”

“கொட்டாம்பட்டியில திருப்பிக் கேக்குறாகண்ணே. கிளி கொய்யாவத் தின்னுருச்சாம்.”

“ஒரு தட்டு கொறஞ்சத எண்ணிப் பாத்துட்டு வந்துச்சாக்கும்? அது கிளியா, கணக்குப்பிள்ளையா?”

மூன்றாவது பொய் மறந்துபோனது. வேறு வழியில்லாமல் உண்மை வந்தது. “அண்ணே, மாமா ஆம்பள இல்ல. பொம்பள.”

எதிர் டீக்கடை வரைக்கும் கேட்கும்படி மருது சிரித்தான். ஸ்விட்சைத் திருப்பிக் காட்டலாம் என்றால், விசேஷ வீட்டுப் பிள்ளைகள் நோண்டுகிறார்கள் என்று அதை அவன் எப்போதோ மெதுவான வேகத்திலேயே பசை போட்டு ஒட்டிவிட்டிருந்தான். முத்துச்செல்வி யோசிக்கவில்லை. லேபிள்மேல் விரலை வைத்துத் தட்டை வேகமாகச் சுற்றினாள்.

மாமா திடுக்கிட்டு விழித்தார். குரல் தள்ளாடியது, கீச்சிட்டது, சறுக்கியது. ஓரிடத்தில் விரலும் வேகமும் ஒத்துப்போக, ஒரு பெண் நிமிர்ந்து நின்று பாடினாள். ‘வராதே, போ’ என்று சொல்லிக்கொண்டே கதவை அகலத் திறந்து வைக்கிற குரல். மூச்சு நாலு வாங்குவதற்குள் விரல் வழுக்கிவிட்டது.

“யாருப்பா அது, மாமா சம்சாரமா?” என்று டீக்கடையிலிருந்து ஒருவர் கேட்டார்.

“கைய எடு புள்ள, எங்க மாமாவ என்ன பண்ணுன?” என்றான் மருது.

“மாமான்னு ஒருத்தரே கெடையாதுண்ணே!”

“நாலு தெரு கேட்டுருச்சு. இனிமேப் போயி கெடையாதுன்னா?” தட்டை எடுத்துத் துடைத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மனசில்லாமல் நீட்டினான். “ஒரு வாரம் ஒங்கிட்ட பொம்பளயா இருக்கட்டும். மறுவாரம் எங்கிட்ட மாமாவா வந்துறணும். பாரு, ரெண்டே நாள்ல நீயே மாமாவத் தேடுவ.”

“தேடுனா எம் பேர மாத்திக்கிறேன்!”

வீட்டில் முதல்முறையாக ஸ்விட்சைத் திருப்பினாள். அந்தப் பெண் இந்தத் தடவை தள்ளாடவில்லை. பாட்டு முடிகிற வரை முத்துச்செல்வி கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைக்கவில்லை. இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை முடிந்ததும் அறை ரொம்ப அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் கை தானாக ஸ்விட்சுப் பக்கம் போனது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

13 செப்டம்பர் 2024, வெள்ளி. இன்றைய தவறு: பெயரை மாற்றிக்கொள்வதாகச் சொன்னது. நாளைய வேலை: கதவைச் சாத்திவிட்டு, ஸ்விட்சைப் பழைய இடத்தில் வைத்து, மாமாவை ஒரே ஒருமுறை கேட்க வேண்டும். மருது அண்ணனுக்குத் தெரியக் கூடாது.