கடைசி வீட்டுக் கதவு

1

இந்தக் கதை எனக்குப் பேருந்து ஜன்னலில் கிடைத்தது. புயல் அடித்து ஓய்ந்த ஊர் ஒன்றைக் கடந்தபோது, புத்தம் புது வீட்டு வாசலில் ஒரு பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எதிரே லாரி, அதில் ஏணிகள், பலகைகள், சிலுவை வரைந்த பதாகை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கதவைச் சாத்தவில்லை. அதற்குள் என் பேருந்து நகர்ந்துவிட்டது.

பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரிக்குப் பட்ட பாடு:

'அன்று காற்று பேயாட்டம் ஆடி...' (வேண்டாம். புயலை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.)

'பாஸ்டர் மிகவும் நல்லவர். அவர்...' (நல்லவரை வைத்து ஆரம்பித்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

'ஊருக்கே அண்ணனான தச்சர், அவளுக்கு மட்டும் அண்ணன் இல்லை.'

ஆ! இதுதான்.

3

அவள் தையல்காரி. கணவன் இறந்தபின் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் இருந்தாள். புயல் பின்கட்டைத் தூக்கிக்கொண்டு போனது. கூரை இழந்த மற்றவர்களோடு தேவாலயக் கூடத்தில் தங்கினாள். பாஸ்டரும் அவர் குழுவும் அரிசியும் தார்ப்பாயும் கொடுத்தார்கள். பிறகு செங்கல் இறக்கி வீடு கட்ட ஆரம்பித்தார்கள். கதவு, ஜன்னலெல்லாம் குழுவோடு வந்த தச்சர் பொறுப்பு. காதில் எப்போதும் பென்சில். ஊரே அவரைப் 'பென்சில் அண்ணே' என்றது. இவள் மட்டும் 'ஏங்க' என்பாள்.

பாஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வீடு முடிந்ததும் அந்த வீட்டு ஆள் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்த வேண்டும். பிறகு தன் கையாலேயே திறந்து வெளியே வர வேண்டும். அப்போதுதான் வீடு அவர்களுடையது. உடனே ஜெபம், அடுத்த வேலை.

ஊரில் கடைசி வீடு இவளுடையது. கதவு திறந்தால் குழு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும்.

4

"ஏங்க, கீழே உரசுது."

"நேத்து மேலே உரசுதுன்னீங்க?"

"நேத்து மேலே. இன்னைக்குக் கீழே. என்னைக் கேட்டுக்கிட்டா உரசுது?"

தச்சர் உட்கார்ந்து இழைப்புளியை எடுத்தார். சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. கதவை ஆட்டிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி போய் வந்தது. நேற்றும் அப்படித்தான் போய் வந்தது.

"கீல் சத்தம் போடுது."

"புதுக் கீலுங்க. சத்தமே வராது."

"எனக்குக் கேக்குதே."

எண்ணெய் விட்டார்.

வேடிக்கை பார்த்த அண்ணி இடுப்பில் கைவைத்தாள். "ஏன்டி, இன்னும் நாலு தடவை இழைச்சா கதவு ஜன்னலாயிடும். அண்ணே, நீங்களும் அவ சொல்றதுக்கெல்லாம் இழைக்கிறீங்களே!"

"வீட்டுக்காரங்க சொன்னா செய்யணும்ல," என்றார் தச்சர். காது சிவந்துவிட்டது.

5

(இங்கே எனக்குத் தச்சர்மேல் சந்தேகம். மனதில் ஆசை இருக்கும் மனிதர் ஏன் வாயைத் திறக்கவில்லை? முதல் பிரதியில் அவருக்கு வேறு ஊரில் ஒரு மனைவியை வைத்தேன். ஆள் வில்லனாகிவிட்டார். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

யோசித்தபோது புரிந்தது. வீடு கிடைத்த சந்தோஷத்தில் எல்லா ஊரிலும் எல்லோரும் அவரிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். கிளம்பும்போது அழுதார்கள். அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவர் பழகியிருந்தார். அதிலும், கொடுக்க வந்த இடத்தில் கேட்கலாமா?

அவளுக்கு அதே முள் மறுபக்கத்திலிருந்து குத்தியது. ஒரு வீட்டையே கொடுத்தவர்களிடம் இன்னும் ஒன்றை எந்த வாயால் கேட்பது? அதனால்தான் கதவைக் குறை சொன்னாள். அது ஒன்றைத்தான் அவளால் கேட்க முடிந்தது.

6

லாரியில் எல்லாம் ஏறியாயிற்று.

"அம்மா, இன்னைக்காவது சாத்துங்க," என்றார் பாஸ்டர். "அடுத்த ஊர்ல ஜனங்க தார்ப்பாய்க்குக் கீழே படுத்திருக்காங்க."

அந்தச் சொல் அவளைத் தொட்டது. அவளும் கூரையில்லாமல் கூடத்தில் படுத்தவள்தானே. தச்சரை ஒரு தடவை பார்த்தாள். உள்ளே போனாள். கதவு சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது.

எல்லோரும் காத்திருந்தார்கள். திறக்கவில்லை.

"என்னடி பண்றே உள்ளே? குடித்தனமே ஆரம்பிச்சிட்டியா?" அண்ணி கத்தினாள். யாரும் சிரிக்கவில்லை.

7

முடிவு ஒன்று: திறக்கிறாள், கும்பிடுகிறாள், லாரி போகிறது. (நடந்தது இதுவாகத்தான் இருக்கும். எழுதப் பிடிக்கவில்லை.)

முடிவு இரண்டு: தேவாலயத்தில் கல்யாணம், அண்ணி கண்ணீர்... (பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் கேட்டது. படமும் வரைந்து வைத்திருக்கிறாராம்.)

என்னால் இதுவரைதான் வர முடிகிறது: தச்சர் லாரியிலிருந்து இறங்கினார். வாசலுக்கு வந்தார். தன் கதவின்மேல் உள்ளங்கையை வைத்தார். அதில் ஒரு குறையும் இல்லையென்று அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

"ஏங்க," என்றார் மெதுவாக. "இப்போ எங்கே உரசுது?"

உள்ளேயிருந்து அவள் பதில் சொல்ல வேண்டும். நான் எழுதிப் பார்த்த பதில்களெல்லாம் எழுத்தாளன் பேச்சாக இருந்தன, கிழித்துவிட்டேன். உங்களிடம் ஒன்று இருக்கும். யாரிடமோ சொல்ல நினைத்து, கேட்டால் தப்பாகுமோ என்று தொண்டையிலேயே வைத்துக்கொண்டது. அதை அவளுக்குக் கொடுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.