தண்டனைச் சட்டை

எங்கள் மாதாப்பூர் அலுவலகத்து ஆணியில் ஒரு கருப்பு டி-ஷர்ட் தொங்கும். மார்பில், அடைப்புக்குறி எல்லாம் போட்டு ஒரு நிரல் வரி: 'என் கம்ப்யூட்டரில் ஓடினால், அனுப்பிவிடு.' யார் அனுப்பிய நிரலால் வாடிக்கையாளரின் இணையதளம் படுத்துவிடுகிறதோ, அவர் அதை ஒரு வாரம் போட்டுக்கொண்டு திரிய வேண்டும். சட்டம் போட்டவர் எங்கள் டீம் லீட் திரிநாத். முதலில் மாட்டிக்கொண்டவள் நான். இரானி டீக்கடையில் முன்பின் தெரியாதவன்கூட மார்பைப் படித்துவிட்டு, "எந்த சைட்டுங்க விழுந்துச்சு?" என்று கேட்டான். பல்லைக் கடித்துக்கொண்டேன். மறக்கவில்லை.

நேற்று மதியம் தளம் மறுபடி படுத்தது. தோண்டிப் பார்த்தால், திரிநாத் அனுப்பியது.

"டெஸ்ட் பண்ணிப் பாக்கலையா?" என்று கேட்டேன்.

"எதுக்கு ஹைமா? என் கம்ப்யூட்டர்ல ஓடுச்சு, அனுப்பிட்டேன்."

மொத்த டீமும் வெடித்துச் சிரித்தது. பக்கத்து சீட் ஜாஃபர் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினான்.

திரிநாத் தொப்பையைத் தட்டிக் காட்டினார். "நான் மாட்டேன்னா சொன்னேன்? இது மீடியம்பா! எனக்கு எங்க ஏறும்?"

மேஜை இழுப்பறையைத் திறந்து, பிரிக்காத பொட்டலம் ஒன்றை அவர் முன்னால் வைத்தேன். அதே கருப்பு, அதே வரி, டபுள் எக்ஸ்எல்.

அவர் முகம் தொங்கிப் போயிற்று. "இத எப்பம்மா பிரிண்ட் அடிச்சே?"

"நீங்க எனக்கு மாட்டிவிட்டீங்களே, அன்னைக்கே."