வாணலியில் தக்காளி

மாமியார் திரும்புவதற்குள் சமைத்து, பரிமாறி, வாணலியைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். மருமகள் அவசர அவசரமாகத் தக்காளி நறுக்கினாள்.

அது அவள் மாமியார் நடத்தும் சின்னச் சீன உணவகம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் மாமியாருக்கு வைத்த பெயர் பீரங்கி. "சீனச் சமையலுக்கும் தக்காளிக்கும் ஏணி வச்சாலும் எட்டாது" என்பார். நூடுல்ஸில் இரண்டு துண்டு போட்ட சமையல்காரரை, வாணலியைப் பின்வாசலில் விட்டெறிந்த கையோடு வேலையை விட்டே அனுப்பியவர்.

இன்று அவர் மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில், தமிழ் சரளமாகப் பேசும் ஒரு சீனர் தன் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த பிறகு அம்மா எதையும் வாயில வைக்கல. தக்காளியும் முட்டையும் வதக்கித் தருவீங்களான்னு கேக்கறாங்க."

அதெல்லாம் கிடையாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். மேசைமேல் கிடந்த அந்த அம்மாவின் மெலிந்த கையைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வாங்கிய தக்காளி பையில் இருந்தது.

தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். பின்வாசலில் மாமியாரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. வாணலி இன்னும் சிவப்பாகக் கிடந்தது.

பின்வழியாக வந்த மாமியார் அதைப் பார்த்தார். கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நேரே மேசைக்குப் போனார்.

"மன்னிச்சுக்கங்க. மருமக புதுசு. இது சீனச் சாப்பாடே இல்ல. வேற தரேன்" என்று தட்டை எடுக்கக் கை நீட்டினார்.

அந்த அம்மாள் தட்டைக் கையால் அணைத்து மறைத்துக்கொண்டு, இன்னொரு வாய் போட்டுக்கொண்டார்.

"யார் சொன்னா?" மகன் சிரித்தார். "எங்க வீட்டுல பாதி நாள் இதுதான். நான் முதல்ல கத்துக்கிட்டதே இதைத்தான்."

மாமியார் அடுப்படிக்குத் திரும்பினார். மருமகள் சுவரோடு ஒட்டி நின்றாள். இப்போது திட்டு விழும், இப்போது விழும் என்று காத்திருந்தாள்.

"இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் அடிச்சுச் சொல்லிட்டேனே," மாமியார் வாணலியைப் பார்த்தபடி சொன்னார். "வேற என்னவெல்லாம் தப்பாச் சொல்லியிருப்பேன்?"

அந்த முகத்தில் பயத்தை அவள் பார்த்ததே இல்லை. "தெரியல அத்தை" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"இன்னொரு தட்டு கிடைக்குமா?" என்று மகன் வெளியிலிருந்து கேட்டார்.

மாமியார் கரண்டியை அவளிடம் நீட்டினார். "நீயே போடு. நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்."

அந்தச் சிவந்த வாணலியிலேயே அவள் முட்டையை உடைத்து ஊற்றினாள்.