பொன்னுரங்கம் தெருவின் கம்பமில்லா விளக்குகள்

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் சாயங்காலம், கருவேலம்பேடு நகராட்சியின் பொன்னுரங்கம் தெருவில் முதன்முதலாகத் தெருவிளக்குகள் எரிந்தன. கம்பம் கிடையாது, கம்பி கிடையாது, பல்பும் கிடையாது. மூன்று ஆள் உயரத்தில், வெறும் காற்றிலிருந்து மஞ்சள் வெளிச்சம் புறப்பட்டுத் தரையில் வட்டம் வட்டமாக விழுந்தது. அன்று தாம்பரம் மார்க்கெட்டில் தக்காளி விலை தாறுமாறாக ஏறியிருந்ததால், தெருக்காரர்களில் பாதிப் பேர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே வெளிச்சத்துக்குள் நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். விட்டில்களுக்குத்தான் விஷயம் உடனே பிடிபட்டது. ஒன்றுமே இல்லாத இடத்தைச் சுற்றி அவை மொய்க்க ஆரம்பித்தன.

தாம்பரத்திலிருந்து குன்றத்தூர் போகிற வழியில், ஏரிக்கரைக்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் நடுவே கிடந்த தெரு அது. நகராட்சியோடு சேர்த்த நாள் முதல் வரி வாங்கினார்கள், விளக்கு மட்டும் போடவில்லை. இருட்டில் அந்தத் தெரு பல பேருடைய கைகால்களைப் பதம் பார்த்திருந்தது. ஹஃபீசாவின் கணவன் ஜமீர் அவர்களில் ஒருவன். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டியவன், செகண்ட் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது, கால்வாய் முடுக்கில் வழி தெரியாமல் சைக்கிளோடு உள்ளே போனான். தொடை எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். கால் கூடிவிட்டது; மனசு கூடவில்லை. பொழுது சாய்ந்தால் கதவைத் தாழ்போட்டுக்கொள்வான். பகல் ஷிஃப்ட் மட்டும் போதும் என்றான், முதலாளி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவனுடைய மெஷினை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அக்கம்பக்கத்து மிக்சிகளைப் பிரித்து மாட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்தான். யாரோடும் சண்டை போடவில்லை. அதுதான் ஹஃபீசாவுக்குத் தாங்கவில்லை.

அவள் நகராட்சி அலுவலகத்தில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அந்த வருஷம்தான் தெருவிளக்குகளைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேர் வந்து இறங்கியிருந்தது. ஊரின் வரைபடம் திரையில் விரியும், ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு புள்ளி. எரிந்தால் பச்சை, எரியாவிட்டால் சிவப்பு. மின்பிரிவு இன்ஜினியர் யக்ஞநாராயணன் அதை வாங்கி வந்த நாளில் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார். அதன் பிறகு அந்த அலுவலகத்தில் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. லைன்மேன்கள் காலையில் வந்து திரையைப் பார்ப்பார்கள்; சிவப்பு இருந்தால் ஏணியைத் தூக்குவார்கள், பச்சை என்றால் டீக்கடைக்குப் போவார்கள். ரிடையரான ரயில்வேக்காரர் ஒருவர், தன் வீட்டு வாசலில் அணைந்து கிடந்த விளக்குக்கு அடியிலேயே நின்றுகொண்டு போன் செய்தார். அது பச்சையில் இருக்கிறது, எரிந்துகொண்டுதான் இருக்கிறது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவர் இன்னொரு தடவை மேலே பார்த்துவிட்டு, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு போனை வைத்துவிட்டார்.

அந்த நிலையில்தான் கான்ட்ராக்டர் தனக்கோடியின் ஃபைல் ஹஃபீசாவின் மேஜைக்கு வந்தது. பொன்னுரங்கம் தெரு முழுக்கப் புதுக்கம்பங்கள் நட்டாயிற்று, விளக்கு மாட்டியாயிற்று, பில்லும் பாஸாயிற்று, சாஃப்ட்வேரில் ஏற்றுவது ஒன்றுதான் பாக்கி. ஹஃபீசா ஃபைலை எடுத்துக்கொண்டு இன்ஜினியரிடம் போனாள்.

"சார், இது எங்க தெரு. அங்க ஒரு கம்பம்கூட இல்ல சார். நான் தினமும் செல்போன் வெளிச்சத்துலதான் வீட்டுக்குப் போறேன்."

யக்ஞநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஃபைல்ல இருக்கேம்மா."

"ஃபைல்ல இருக்கு சார். தெருவுல இல்ல."

"சாஃப்ட்வேர் என்ன தெருவுக்குப் போயா பாக்கப் போறது? மாசக் கடைசி ரிவ்யூ இருக்கு. ஏத்திடுங்கோ."

ஏற்ற உட்கார்ந்தபோதுதான் அவள் கவனித்தாள். எத்தனை கம்பம் என்று எழுதிய தனக்கோடி, எது எங்கே என்று எழுதவில்லை. நடாத கம்பத்துக்கு இடம் யோசிக்க அவனுக்கு ஏது நேரம். அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தன. நிரப்பாமல் சாஃப்ட்வேர் நகராது. ஹஃபீசாவுக்கு அழுகை வருகிற மாதிரி ஒரு கோபம் வந்தது. எங்கெங்கே விளக்கு வேண்டும் என்று அவளுக்கு வருஷக்கணக்காகத் தெரியும். முதல் புள்ளியைக் கால்வாய் முடுக்கில், ஜமீர் விழுந்த இடத்திலேயே வைத்தாள். அடுத்தது பொதுக்குழாய். அப்புறம் காமு அக்கா இட்லிக்கடை போடுகிற மூலை, கம்பெனி வேனிலிருந்து பெண்பிள்ளைகள் இறங்கும் இடம், பள்ளிவாசல் சந்து, நாய் துரத்துகிற திருப்பம் என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போய், கடைசிப் புள்ளியைத் தன் வீட்டு வாசலில் வைத்தாள். எல்லாவற்றுக்கும் எதிரே 'எரிகிறது' என்று அழுத்தினாள். அழுத்தின ஓசையைக் கேட்டுப் பக்கத்து சீட் கிளார்க் திரும்பிப் பார்த்தார்.

அன்று அவள் வீடு திரும்பியபோது ஜமீர் வாசலுக்கு வெளியே நின்றிருந்தான். பொழுது சாய்ந்த பிறகு அவனை வெளியே பார்த்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

"ஏங்க, வெளிய நிக்கிறீங்க?"

"வெளிச்சமா இருந்துச்சு. அதான்" என்றான்.

இரண்டு பேரும் கால்வாய் முடுக்குவரை நடந்தார்கள். சுவரைத் தொட்டபடியே நடந்தவன், பாதி வழியில் கையை எடுத்துவிட்டான். முடுக்கில் நின்று வெகுநேரம் உள்ளே எட்டிப் பார்த்தான். "இவ்ளோ சின்ன கால்வாயா இது?" என்று கேட்டான். ஹஃபீசா அந்த வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், விளக்கைப் பார்க்கவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க அவளுக்கு அடுத்த நாள் மதியம்வரை நேரம் கிடைக்கவில்லை.

ஒரு வாரத்தில் தெரு பழகிக்கொண்டது. மழை பெய்தால் வெளிச்சம் நனைந்து கொஞ்சம் மங்கியது, மற்றபடி பழுதே இல்லை. ஊர் முழுக்கக் கரண்ட் போன நாட்களிலும் அது போகவில்லை. கஷ்டப்பட்டவை நாய்கள்தான், வெளிச்ச வட்டத்துக்கு நடுவே காலைத் தூக்கிக்கொண்டு, எதன்மேல் போவது என்று தெரியாமல் நின்றன. கட்சிக்காரர்கள் கொடி கட்ட வந்து, கயிற்றைக் கையில் பிடித்தபடி காற்றைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். கவுன்சிலர் 'என் பெருமுயற்சியால்' என்று பேனர் வைத்தார். அதை மாட்டவும் கம்பம் இல்லாததால் இரண்டு ஆட்களை வைத்துப் பிடிக்கச் சொன்னார்.

விஷயம் காதுக்கு எட்டியதும் தனக்கோடி புல்லட்டில் வந்தான். ஒரு வட்டத்துக்குள் நின்று, கம்பம் இருக்க வேண்டிய இடத்தில் கையை இப்படியும் அப்படியும் வீசிப் பார்த்தான். வியர்த்துவிட்டது. காமுவின் கடைக்கு வந்தான்.

"இன்னாக்கா இது, லைட்டு எரியுது, கம்பம் எங்க?"

காமு இட்லித் தட்டைக் கவிழ்த்தபடி, "நீதான நட்ட? எங்கள வந்து கேக்குற?" என்றாள்.

தனக்கோடி சுற்றுமுற்றும் பார்த்தான். "ஆமாமா, நான்தான் நட்டேன்" என்று சொல்லிவிட்டு, நாலு இட்லி சாப்பிட்டுப் போனான். மறுநாள் குன்றத்தூர் மலையேறி முருகனுக்கு மொட்டை போட்டான். மயிர் முளைப்பதற்குள் பயம் தெளிந்து வியாபாரம் ஞாபகம் வந்துவிட்டது. இன்னும் ஏழெட்டுத் தெருக்களுக்குக் கம்பம் நட்டதாக ஃபைல் போட்டான். ஹஃபீசா விடுப்பில் இருந்த நாளாகப் பார்த்துத் தன் மச்சானை உட்காரவைத்துப் புள்ளிகளை ஏற்றினான். மச்சான் அந்தத் தெருக்களைக் கண்ணால் கண்டதில்லை. அவன் வைத்த புள்ளிகளில் சில ஏரிக்கு நடுவிலும் ஒன்று பக்கத்து நகராட்சியிலும் விழுந்தன. எங்கும் ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை, மொட்டை போட்டதுதான் மிச்சம்.

இதற்கிடையில், ஒரு யூனிட் கரண்ட்கூடச் செலவழிக்காமல் ஒரு தெருவையே எரியவைத்த நகராட்சி என்று கருவேலம்பேட்டுக்கு மின்சிக்கன விருது கிடைத்தது. யக்ஞநாராயணன் புதுச் சட்டை தைத்துப் போய்க் கேடயம் வாங்கி வந்தார். விருது வந்தால் தணிக்கையும் வரும். தணிக்கை அதிகாரியாக வந்தவர் தேவானந்தம். சர்வீஸில் ஒரு பொய்கூட எழுதியதில்லை என்று பெயர் எடுத்தவர், அதனாலேயே வருஷத்துக்கு ஒரு ஊர் மாற்றப்பட்டவர். அவர் சாயங்காலம் பொன்னுரங்கம் தெருவில் ஒரு வட்டத்துக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தனக்கோடியின் ஃபைல் முழுவதையும் அந்த வெளிச்சத்திலேயே படித்து முடித்தார். எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

மறுநாள் ஹஃபீசாவைக் கூப்பிட்டு, இல்லாத கம்பங்களை சாஃப்ட்வேரிலிருந்து நீக்கச் சொன்னார். நீக்குவதற்கு அது காரணம் கேட்டது. விபத்தில் சாய்ந்தது, துருப்பிடித்தது, இடமாற்றம், திருட்டு என்று நாலு காரணங்கள் இருந்தன. 'இருந்ததே இல்லை' என்று ஒரு காரணம் இல்லை. தேவானந்தம் பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் செய்தார். இந்த வசதியை இதுவரை எந்த நகராட்சியும் கேட்கவில்லை சார், வேண்டுமென்றால் தனியாக டெண்டர் விடுங்கள் என்றார்கள். நாலு காரணங்களையும் திரும்பத் திரும்பப் படித்த தேவானந்தம், உள்ளதற்குள் திருட்டுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதாக முடிவு செய்தார்.

"முதல்ல ஒண்ணே ஒண்ணு எடுத்துப் பார்ப்போம். லிஸ்ட்ல முதல்ல இருக்கறத எடுங்கம்மா."

முதலில் இருந்தது கால்வாய் முடுக்கு. ஹஃபீசாவின் விரல் மவுஸின்மேல் நின்றுவிட்டது. ஜமீர் அந்த வாரம்தான் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் செகண்ட் ஷிஃப்ட் சேர்ந்திருந்தான்.

"சார், அது வேணாம் சார்."

"ஏன்?"

"அது போச்சுன்னா என் வீட்டுக்காரர் மறுபடியும் கதவச் சாத்திக்குவாரு. எங்க வீட்டு வாசல்ல ஒண்ணு இருக்கு, கடைசில. அத எடுத்துக்குங்க."

தேவானந்தம் அவளைப் பார்த்தார். இல்லாத பொருளுக்காக ஒரு பெண் இப்படிக் கண்கலங்குவதை அவர் எந்தத் தணிக்கையிலும் கண்டதில்லை. சரி என்றார். அன்று சாயங்காலம் தெரு முழுக்க எரிந்தது, ஹஃபீசாவின் வாசல் மட்டும் இருண்டு கிடந்தது. ஜமீர் ஷிஃப்ட் முடிந்து வந்து, இருட்டிலேயே பூட்டைத் தடவித் திறந்தான். பயப்படவில்லை. "நம்ம வாசல்தான, கண்ண மூடிக்கினு வருவேன்" என்றான்.

திருட்டு என்று பதிவானதும் சாஃப்ட்வேர் தானாகவே காவல் நிலையத்துக்குப் புகார் அனுப்பியது. கம்பத்தை நட்டவன் என்று போலீஸ் தனக்கோடியைக் கூட்டிப் போனது. "நான் நடவே இல்ல சார், எப்டி சார் திருடுவேன்?" என்று அவன் கத்தினான். அப்படியானால் பில் எப்படி வாங்கினாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். தெரு முழுவதையும் ஏமாற்றியவன் ஆவதா, ஒற்றைக் கம்பம் திருடியவன் ஆவதா என்று தனக்கோடி லாக்கப்பில் உட்கார்ந்து யோசித்துவிட்டு, திருடன் ஆவதே கௌரவம் என்று முடிவு செய்தான். திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் அவசரமாக இரும்புக் கம்பம் ஒன்று செய்து, 'மீட்கப்பட்ட பொருள்' என்று நிலையத்தில் ஒப்படைத்தான். போலீஸ்காரர்கள் அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு அது ஹஃபீசாவின் வாசலில், சிமெண்ட் போட்டு, விளக்கும் மாட்டி, நிஜமாகவே நடப்பட்டது. பத்து நாள் எரிந்தது. பதினோராம் நாள் கண்ணடிக்க ஆரம்பித்து, அணைந்துபோனது.

மற்ற கம்பங்களையும் இதே போல மீட்டுவிடலாம் என்று யக்ஞநாராயணனுக்கு உற்சாகம் பிறந்தது. ஆனால் தெருக்காரர்கள் திரண்டு தணிக்கை அதிகாரியிடம் வந்தார்கள். காமுதான் முன்னால் நின்றாள்.

"சார், உங்க கால்ல வேணா வுழுறோம், நெசக் கம்பம் மட்டும் வேணாம் சார். ஒண்ணு நட்டதுக்கே ஒரு வாசல் இருட்டா கீது. எல்லாத்தயும் நட்டா நாங்க எங்க போவோம்?"

தேவானந்தம் அன்று முழுக்க அறிக்கையோடு உட்கார்ந்திருந்தார். கடைசியில் மூன்று வாக்கியங்கள் எழுதினார். தெரு வெளிச்சமாக உள்ளது. கம்பங்கள் கண்ணில் படவில்லை. பொதுமக்களுக்குப் புகார் இல்லை. மூன்றும் உண்மை என்பதை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வழக்கம்போல அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். தனக்கோடி திருட்டுக்கு அபராதம் கட்டிவிட்டு, மழைநீர் வடிகால் கான்ட்ராக்டுக்குப் போனான்.

அதன் பிறகு பொன்னுரங்கம் தெருவில் வீட்டு வாடகை கொஞ்சம் ஏறியது. ஜமீர் பட்டறையில் சீனியர் ஆனான். ஹஃபீசாவின் வேலை நிரந்தரம் ஆகவில்லை, ஆனால் தெருவில் எந்த வீட்டு வாசலுக்கு வெளிச்சம் போதவில்லை என்றாலும், அவளிடம் வந்து சொன்னால் புள்ளியைக் கொஞ்சம் தள்ளிவைப்பாள், சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். இரண்டாயிரத்து ஒன்பதில் புதிதாக ஒரு கமிஷனர் பொறுப்பேற்று, முதல் நாள் ஆய்வுக்குத் திரைக்கு முன்னால் வந்து நின்றார். பொன்னுரங்கம் தெரு முழுக்கப் பச்சை, ஓரத்தில் ஒற்றைச் சிவப்பு. அது என்னம்மா, அது மட்டும் எப்போது பார்த்தாலும் எரியாது போலிருக்கிறதே என்று கேட்டார்.

"அது நெசக் கம்பம் சார்" என்றாள் ஹஃபீசா.

கமிஷனர் தலையை ஆட்டினார். அடுத்து, குப்பை லாரிகள் பற்றி விசாரித்தார்.