முதுகில் வைக்காத குழாய்

தையல்காரருக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம். மூச்சு வாங்க ஆரம்பித்து மூன்று வருஷம். மாதம் தவறாமல் சர்க்கரை டாக்டரிடம் போவார். டாக்டர் ஆளைப் பார்க்க மாட்டார், ரத்தச் சீட்டைத்தான் பார்ப்பார். படி ஏறினால் இரைக்கிறது, வறட்டு இருமல் விடமாட்டேன் என்கிறது என்று சொன்னால், "சர்க்கரை இருந்தா அசதி வரத்தான் செய்யும் பெரியவரே, வாயைக் கட்டுங்க" என்பார். பள்ளிக்கூடப் பை தைத்தே காலம் தள்ளிய மனுஷன் வாயைக் கட்டிப் பார்த்தார். இரைப்பு நிற்கவில்லை.

போன வாரம் மிஷினை மிதிக்கவே முடியாமல் போனதும் மகள் அவரை நெஞ்சு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த டாக்டரம்மா முதல் வேலையாகச் சட்டையைத் தூக்கி, கழுத்தில் தொங்கிய குழாயை முதுகில் வைத்தார். நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னார். படம் வந்த பிறகு குழாயைத் தையல்காரர் காதிலேயே மாட்டிவிட்டு, "மூச்சை இழுத்து விடுங்க" என்றார்.

பையின் வாயில் வைத்துத் தைக்கும் ஒட்டுப் பட்டையை, அந்த வெல்க்ரோவைப் பிரித்தால் சரசரவென்று கேட்குமே, அதே சத்தம். ஆயுசு முழுக்கக் கேட்ட சத்தம் இப்போது தன் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

"நுரையீரல்ல தழும்பு விழுந்து இறுகுது. விழுந்தது போகாது. பரவுறதை மாத்திரையால கொஞ்சம் மெதுவாக்கலாம்."

"சர்க்கரையாலயா?"

"சர்க்கரை உள்ளவங்ககிட்ட இதைக் கொஞ்சம் அதிகமாப் பார்க்கிறோம். எது எதை இழுத்துட்டு வருதுன்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியல."

"எண்ணெய் முந்துதோ திரி முந்துதோ. மூணு வருஷம் முன்னாடியே வந்திருந்தா?"

டாக்டரம்மா மாத்திரை எழுத ஆரம்பித்தார். தையல்காரருக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் மனைவி இருமிக்கொண்டிருந்தாள். அதே வறட்டு இருமல். அவளுக்கும் எட்டு வருஷமாகச் சர்க்கரை. அதே அறையில், அதே தூசியில் உட்கார்ந்து அவருக்குத் துணி வெட்டிக் கொடுத்தவள்.

அவளுக்குச் சர்க்கரை பார்க்கிற நாளன்று, அதே சர்க்கரை டாக்டரிடம் அவரும் கூடப் போனார்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். "நூத்தி எண்பது. வாயைக் கட்டணும்மா. இருமலுக்கு மருந்து எழுதியிருக்கேன். அடுத்தவங்க வரட்டும்."

தையல்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இவ முதுகுல குழாயை வைங்க."

"மருந்து எழுதிட்டேன், பெரியவரே."

"நான் மருந்தா கேட்டேன்? கழுத்துல தொங்குதே, அது என்ன நகையா?"

"சும்மா இருங்க, மானம் போகுது" என்று மனைவி அவர் சட்டையை இழுத்தாள்.

"மானம் போனா வரும். மூச்சு போனா வராதுடி."

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "தாத்தா, வெளியே முப்பது பேர் நிக்கிறாங்க."

"நிக்கட்டும். நான் மூணு வருஷம் நின்னேன்."

அதற்கு மேல் பேச வரவில்லை. கோபப்படக்கூட மூச்சு வேண்டியிருந்தது. ஆனால் பிடித்த மேஜையை அவர் விடவில்லை.

ஆளைக் கிளப்பினால் போதும் என்று டாக்டர் எழுந்து வந்து குழாயை வைத்தார். மேலே வைத்தார், கீழே வைத்தார். "நல்லா இழுத்து விடுங்கம்மா." எடுக்கப்போன கை நின்றது. அதே இடத்தில் மறுபடி வைத்தார். தையல்காரர் அவர் முகத்தையே பார்த்தார். பையை உள்பக்கம் திருப்பிக் குறை தேடும் கடைக்காரன் முகம் இப்படித்தான் இருக்கும்.

"என்ன டாக்டர், தையல் விட்டுப்போச்சா?" என்றாள் மனைவி.

"கீழே ரெண்டு பக்கமும் ஏதோ கேக்குது. லேசா... ரொம்ப லேசாத்தான். படம் எடுத்துப் பார்த்துடலாம்."

"எனக்கும் ஒரு நாள் லேசாத்தான் கேட்டிருக்கும்" என்றார் தையல்காரர்.

டாக்டர் சீட்டைக் கையில் எடுத்தார். படிக்கவில்லை. படம் எடுக்க எழுதிக் கொடுத்தார்.

கதவு திறந்தேதான் இருந்தது. அவர்கள் வெளியேறியதும் வரிசையில் அடுத்து நின்ற பருத்த அம்மாள் உள்ளே போய், நாற்காலியைத் திருப்பிப் போட்டு, டாக்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"சீட்டு கிடக்கட்டும். முதல்ல இதைப் பாருங்க."