உப்புத் தட்டில் நல்ல தண்ணீர்

அண்ணன் இறப்பதற்கு முன் கடைசியாகக் காந்தங்களுக்கிடையே வைத்தெடுத்த விதைகள் கொட்டகையில் ஒரு தட்டில் இருந்தன. காந்தம் காணாத விதைகள் இன்னொன்றில். இரண்டுக்கும் உப்புநீர்தான். காந்தம் பட்டது மட்டும் நன்றாக முளைத்தால், காந்தம் விதைக்கு உப்பைத் தாங்கும் பலம் தரும் என்று அவன் சொன்னது சரி. துக்கம் கேட்க வந்தவர்கள் போனபின் தங்கை கொட்டகைக்குள் நுழைந்தாள். இரண்டு தட்டிலும் முளைகள் ஒன்றுபோலப் பச்சையாக நின்றன.

"நான்தான் தினமும் கழுவி நல்ல தண்ணி ஊத்தினேன். பாவம், உப்புல கிடந்துச்சு," என்றார் பின்னாலேயே வந்த சித்தப்பா.

"உங்க பாவ புண்ணியத்தைக் குப்பையில கொட்டுங்க! உப்புல முளைக்குதான்னுதானே அவன் பார்த்தான்?"

"அதான் எல்லாமே முளைச்சிருக்கே, ஏன் குதிக்கிற?"

அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். புது விதைகளைக் காந்தங்களுக்கிடையே வைத்தாள். இவை பதில் சொல்லலாம். அண்ணன் கைபட்டவை சொல்லவிருந்த பதில் சித்தப்பாவின் வாளியோடு போயிற்று.